கொப்பியளவுக் கணனி வந்த வரலாறு

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் மின்சாரத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குடாநாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். கோடுபோட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த பத்திரிகையைக் கைமாற்றி வாசித்தோம். குப்பி விளக்கின் புகையிலிருந்து பிள்ளைகள் சோதனைக்குப் படித்தனர்.

ஆகவே, 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம் துனிசியாவின் தலைநகரான தூனிசில் நடைபெற்ற உலக மகாநாட்டு மேடையில், பக்கத்திற் கைபிடி பூட்டிய பச்சைநிறக் கணனி ஒன்று அறிமுகப்படுத்தப்பட்டபோது, உலகம் வியந்த அளவுக்கு நாம் வியக்கவில்லை. மின்சாரம் இல்லாத ஊர்களிலும் பிள்ளைகள் கைபிடியைச் சுழற்றி இக்கணனியை இயக்கலாம் என்றார் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரொபொன்ரே. அப்போது ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாயிருந்த கோபி அனான் அருகில் நின்றார். விலை நூறு அமெரிக்க டொலர் என்று கூறப்பட்டது. அந்த மேடையிலேயே கைபிடி கழன்று வந்துவிட்டது. எங்கள் ஊர் டைனமோ அவ்வளவு இலகுவிற் கழன்றதில்லை என்று இங்கு நாம் குறித்து வைப்பதில் தவறில்லை.

அக்கைபிடி பின்னர் கைவிடப்பட்டது. நூறு டொலர் என்ற விலையும் எட்டப்படவில்லை. ஆயினும் அந்தப் பச்சைப்பெட்டி ஒரு கதவைத் திறந்துவிட்டது. இன்று ஒக்லாந்தில், ஆண்டுதோறும் ஜனவரி மாத இறுதியில், பாடசாலையிலிருந்து வரும் கொப்பி, பேனைப் பட்டியலில் மடிக்கணனியும் இடம்பெறுவதைக் கண்டு பெருமூச்சு விடும் எம்மவர் குடும்பங்கள், அக்கதவு எவ்வாறு திறந்தது, திறந்தபின் யார் யார் அதனூடே சென்றனர் என்பதை அறிந்திருத்தல் பயனுடைத்து எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

காகிதத்தில் மட்டும் இருந்த கணனி

பிள்ளைகள் கையில் ஏந்திச் செல்லத்தக்க கணனி என்ற எண்ணம் நெக்ரொபொன்ரேக்கு உரியதன்று. 1968ஆம் ஆண்டில் அலன் கே என்னும் இளம் அமெரிக்க அறிஞர், கணனியின் துணையுடன் சிறுவர் தாமாகவே கணிதம் கற்கும் வகையை ஆராய்ந்துவந்த சீமோர் பப்பேர்ட்டைச் சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாகப் பிறந்ததே 'டைனாபுக்' என்னும் கற்பனைக் கணனி. 1972இல் சிரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கே எழுதிய கட்டுரையில், புல்தரையில் அமர்ந்து இரு சிறுவர்கள் தத்தம் கையிலுள்ள தட்டையான கணனிகளில் விளையாடும் படம் ஒன்று உண்டு. நிறை இரண்டு கிலோவுக்குள், விலை ஐந்நூறு டொலர் அளவில் என்று அவர் குறித்திருந்தார். ஒரு கணனி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலமாதலால், அதனை யாரும் செய்துகாட்ட முடியவில்லை.

1981இல் வந்த ஒஸ்போர்ண் கணனி தன்னைக் 'கையிற் கொண்டுசெல்லக் கூடியது' என்று கூறிக்கொண்டது. ஏறத்தாழ 11 கிலோ நிறையும், ஐந்து அங்குலத் திரையும், 1,795 டொலர் விலையும் கொண்ட அதனை எடுத்துச்செல்ல நல்ல தோள்வலி வேண்டும். பற்றரியும் அதற்கில்லை. 1983இல் ரேடியோ ஷக் நிறுவனம் விற்பனைக்கு விட்ட 'மொடல் 100' என்பதே உண்மையிற் கொப்பியளவானது. நான்கு சிறு பேனாப் பற்றரிகளில் ஏறத்தாழ இருபது மணித்தியாலம் இயங்கிய இப்பொறியைப் பத்திரிகை நிருபர்கள் போற்றினர். எட்டே எட்டு வரிகள்தான் திரையிற் தெரியும். ஆனாலும் செய்தி எழுத எட்டு வரி போதும் என்பதைப் பத்திரிகைக்காரர் அறிவர்.

அதற்குப் பின்னர் நடந்தது விந்தையானது. கணனி சிறுக்கச் சிறுக்க விலை பெருத்தது. 1996இல் யப்பானின் தோஷிபா நிறுவனம் வெளியிட்ட 'லிப்ரெற்றோ' 840 கிராம் நிறையே உடையது. சட்டைப்பைக்குச் சற்றுப் பெரியது. விலையோ வணிகப் பிரமுகர்களுக்கே கட்டுப்படியானது. சிறுமை என்பது செல்வந்தரின் அணிகலனாயிற்று. ஏழைப் பிள்ளைக்கு மேசையை நிறைக்கும் பழைய பெட்டி, செல்வந்தர் பிள்ளைக்குக் கைக்கடக்கமான புதிய பொறி என்ற நிலை 2007 வரை நீடித்தது.

எம்மவர் ஒருவர் செய்த முன்வேலை

இவ்விடத்தில் ஒரு பெயரை நினைவுகூராது செல்ல எமக்கு மனமில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளவயதில் மலாயாவுக்கும் பின்னர் சிங்கப்பூருக்கும் சென்றவர் ஆர். முத்தையா. ஆங்கிலத் தட்டச்சுப்பொறிகளைக் கண்ட அவர், இவ்வசதி தமிழுக்கு ஏன் இல்லை என்று எண்ணினார். 247 எழுத்துக்களை நாற்பத்தாறு விசைகளுக்குள் அடக்குவது எவ்வாறு? விசிறி முதலிய குறிகளை அடிக்கும்போது தாள் நகராதிருக்கும் 'நகரா விசை' அவருக்கு வழிகாட்டிற்று. முதலில் வந்த 'ஸ்டாண்டர்ட்' பொறி பெரியது. அதனோடு நிற்காமல், எடுத்துச்செல்லக்கூடிய சிறிய 'பிஜோ', 'ஐடியல்' பொறிகளையும் அவர் உருவாக்கினார். அவை ஜேர்மனியிற் செய்யப்பட்டன.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைதூரம் சென்ற ஒரு தமிழர், தம்மொழியை எழுதும் பொறியைத் தூக்கிச்செல்லத்தக்கதாக ஆக்க வேண்டும் என்று விரும்பியது தற்செயலன்று. பெட்டி கட்டிப் பயணிப்பவனுக்கே பொறியின் நிறை தெரியும். நாங்கள் கொழும்பிலிருந்து வெளியேறியபோது கொண்டுவந்தவை கல்விச் சான்றிதழ்களும், பிறப்புச் சான்றிதழ்களும், இரண்டொரு புகைப்படங்களுமே.

2007: இரு பொறிகள்

இனி 2007ஆம் ஆண்டுக்கு வருவோம். நெக்ரொபொன்ரேயின் 'பிள்ளைக்கொரு மடிக்கணனி' இயக்கத்தின் பச்சைப்பெட்டி, 'எக்ஸ்-ஓ' என்னும் பெயருடன் அவ்வாண்டு நவம்பரில் உற்பத்திக்கு வந்தது. அதன் திரை மேரி லூ ஜெப்சன் என்னும் பெண் பொறியியலாளரின் சாதனை. கொளுத்தும் வெயிலிலும் எழுத்துத் தெரியும். மின்னையும் மிகக் குறைவாகவே உண்ணும். விசைப்பலகையை இறப்பர் மூடியிருந்ததால் தூசியும் நீரும் உட்புகா. இரண்டு காதுகள் போல் நிமிரும் அலைவாங்கிகளால் ஒரு கணனி அடுத்த கணனியுடன் நேரே பேசிக்கொள்ளும். சுழலும் வட்டு இல்லாததால் மேசையிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். விலைதான் ஏறத்தாழ இருநூறு டொலராகிவிட்டது. அதனையும் கடையில் வாங்க முடியாது. அரசுகள் இலட்சக்கணக்கில் வாங்கிப் பிள்ளைகளுக்கு வழங்க வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் கொள்கை. இந்திய மத்திய கல்வி அமைச்சு 2006இலேயே இதனை வேண்டாமென்று மறுத்துவிட்டது. முதலில் பள்ளிக்கூடமும் ஆசிரியரும் வேண்டும் என்பது அவர்களது வாதம். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது.

அரசுகள் தயங்கிக்கொண்டிருந்த அவ்வேளையில், கடைக்காரர் விழித்துக்கொண்டனர். 2007 ஜூன் மாதம் தாய்பே நகரக் கணனிக் கண்காட்சியில், தாய்வானின் அசூஸ் நிறுவனம் 'ஈ பீசி' என்னும் சிறு மடிக்கணனியை அறிவித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அது தாய்வானில் விற்பனைக்கு வந்தது. கற்பதற்கும், வேலை செய்வதற்கும், விளையாடுவதற்கும் எளிது என்னும் மூன்று ஆங்கிலச் சொற்றொடர்களின் முதலெழுத்துக்களே அந்தப் பெயருக்குக் காரணம் என்றனர். ஏழு அங்குலத் திரை. ஒரு கிலோவுக்கும் குறைந்த நிறை. வட்டுக்குப் பதிலாக நான்கு கிகாபைட் நினைவகச் சில்லு. விண்டோசுக்குப் பதிலாக விலையில்லா லினக்ஸ் இயங்குதளம். இன்டெல் நிறுவனத்தின் 900 மெகாஹேர்ட்ஸ் சில்லை, சூடாகாதிருக்கவும் பற்றரி நீடிக்கவும் 630இற்கு மெதுவாக்கி ஓடவிட்டிருந்தனர். ஒவ்வொரு உறுப்பும் மலிவானது. எதுவும் புதிதன்று. இத்தனை குறைந்த உறுப்புக்களைக்கொண்டு முழுக் கணனி ஒன்றைச் செய்யலாம் என்று துணிந்ததுதான் புதிது.

அமெரிக்காவில் 399 டொலருக்கும், அதனினும் குறைந்த வகை 299 டொலருக்கும் விற்கப்பட்டது. வெளிவந்த சில மாதங்களுக்குள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பொறிகள் விற்பனையாகின. பெருநிறுவனங்கள் யாவும் அதன் பின்னால் ஓடின. ஏசர், எச்.பி., டெல் என்று அடுத்த ஆண்டில் யாவருக்கும் ஒரு சிறு கணனி இருந்தது. இன்டெல் நிறுவனம் இவ்வகைக்கென்றே 'அற்றம்' என்னும் சில்லை 2008இல் வெளியிட்டது. மைக்ரோசொஃப்ட் நிறுவனமோ, ஓய்வு கொடுக்கவிருந்த விண்டோஸ் எக்ஸ்-பியை இச்சிறு கணனிகளுக்காக மட்டும் மேலும் சில ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்க உடன்பட்டது. லினக்ஸ் பரவிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம் எனப் பலரும் எழுதினர். ஏறத்தாழ ஓராண்டுக்குள் இலவசத் தளம் ஒதுக்கப்பட்டு, எக்ஸ்-பி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

'நெற்புக்' என்று வழங்கிய இப்பெயருக்கும் ஒரு வழக்குண்டு. 1999இலேயே தம் சிறுகணனிக்கு அப்பெயரைச் சூட்டியிருந்த பிரித்தானிய சையன் நிறுவனம் உரிமை கோரியது. 2009இல் இணக்கம் ஏற்பட்டது.

விலை குறைந்ததன் பொருளை எமது கணக்கிற் பார்ப்போம். 2007 ஏப்ரல் முதல் நியூசிலாந்தின் வளர்ந்தோருக்கான குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 11.25 டொலர். அக்காலத்தில் ஆயிரத்தைந்நூறு டொலர் கொடுத்து ஒரு மடிக்கணனி வாங்குவதென்றால், வரி கழிக்கு முன்னரே 133 மணித்தியால உழைப்பு. அதாவது மூன்று வாரத்துக்கு மேலான வேலை. இரவிற் துப்புரவு வேலையும் பகலில் பொதியிடும் வேலையும் செய்த எம்மவரில் எத்தனை பேரால், வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக, மூன்று வாரச் சம்பளத்தை ஒரு பொறிக்கு ஒதுக்க முடிந்தது? ஐந்நூறு, அறுநூறு டொலருக்குப் பொறி வந்தபோதுதான் கணனி என்பது வீட்டுக்கொன்று என்பதிலிருந்து பிள்ளைக்கொன்று என்று நினைத்துப் பார்க்கத்தக்கதாயிற்று.

எமது வீட்டுக்கும் 2008இல் வெள்ளைநிறச் சிறுகணனி ஒன்று வந்தது. மூடியிருக்கையில் அது அப்பியாசக் கொப்பியின் அளவு. பெரியவர்களின் விரல் ஒரு விசைக்குப் பதில் இரண்டை அமுக்கியது. பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு அளவெடுத்துச் செய்தாற்போலிருந்தது. அப்பம்மா அதனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, 'சிலேற்றுப் பலகை திரும்பி வந்திட்டுது' என்றார். அலன் கே கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தமிழைக் காட்டாத கணனி

ஆனால் அச்சிலேற்றில் தமிழை எழுதுவது எளிதாயிருக்கவில்லை. ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோசில் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதற்கு ஆதரவும் வந்தது. ஆயினும் எக்ஸ்-பி கணனியில் எம்மொழி சரியாகத் தெரிய, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புக்களைத் தனியே நிறுவ வேண்டும். அதற்கு அது பலவேளைகளில் மூலக் குறுவட்டைக் கேட்கும். இச்சிறு கணனிகளிலோ குறுவட்டுச் செருகும் வாயே இல்லை! மலிவுக்காக நீக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. ஆங்கிலம் மட்டும் எழுதுபவனுக்கு அந்த வாய் தேவைப்படவேயில்லை. எமக்கோ கொம்பும் காலும் இடம்மாறி நின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டுப் பழகிய எம்மவர், எழுத்துருவை மட்டும் ஏற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினர். அப்படி எழுதிய கடிதம், பாமினி இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தோன்றிய அனுபவம் வாசகர் பலருக்கும் இருக்கும்.

ஏழு அங்குலத் திரையின் 480 புள்ளி உயரத்துக்குள் தமிழ்ச் சொற்களின் நீளமும், 'ணை', 'றொ' முதலியவற்றின் சுழிகளும் அடங்க மறுத்தன என்பதையும் சொல்லவேண்டும். பிற்காலத்துத் திரைகள் கூர்மையானபோதே இக்குறை நீங்கிற்று. இன்று மிக மலிவான கணனியும் தமிழை ஒழுங்காகக் காட்டுகின்றது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தின் பயனாக, ஈழத்தில் அச்சான பல்லாயிரக்கணக்கான நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் அத்திரையிற் படிக்கலாம். 1981இல் யாழ். பொதுநூலகம் எரிந்தபோது சாம்பலானவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பதை அறிந்த தலைமுறைக்கு, இருநூறு முந்நூறு டொலர்ப் பொறியில் ஒரு நூலகம் திறப்பது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று.

நியூவே தீவும் தாமக்கியும்

ஒக்லாந்திலிருந்து விமானத்தில் ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலத் தொலைவில் நியூவே தீவு உள்ளது. நாட்கோட்டைக் கடப்பதால், இங்கு புறப்படும் நாளுக்கு முதல்நாளிலேயே அங்கு இறங்கிவிடலாம். அதன் மக்கள் தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. நியூவே வம்சத்தினரில் மிகப்பெரும்பாலோர் நியூசிலாந்தில், குறிப்பாக ஒக்லாந்திலேயே வாழ்கின்றனர். சொந்த மண்ணில் இருப்போரைவிடப் புறத்தே வாழ்வோர் அதிகமான இன்னொரு மக்களை எமது அயலிலேயே காண்கின்றோம். 2008 ஓகஸ்ட் மாதம், பாடசாலைப் பிள்ளைகள் யாவருக்கும் எக்ஸ்-ஓ கணனி வழங்கிய உலகின் முதல் நாடு என்ற பெயரை இத்தீவு பெற்றது. தேவைப்பட்டவை ஏறத்தாழ ஐந்நூறு பொறிகளே. பெருநாடுகள் மகாநாடு கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சிறு தீவு செய்துமுடித்தது. அக்காலத்தில் ஒக்லாந்திலும் வெலிங்டனிலும் தன்னார்வலர்கள் வார இறுதிகளிற் கூடி, எக்ஸ்-ஓவின் மென்பொருளைச் சோதித்துப் பிழைகளை அறிவித்துவந்தனர்.

நகருக்குள்ளேயே மற்றோர் வரலாறு நடந்தது. அதுவே இக்கட்டுரையில் எமக்கு மிக நெருக்கமானது. கிளென் இன்னஸ், பொயின்ற் இங்கிலண்ட், பன்மூர் ஆகிய ஊர்கள் அடங்கிய தாமக்கிப் பகுதி, மாவோரி, பசிபிக் தீவுக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் வருமானம் குறைந்த பகுதி. அங்குள்ள பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து 'மனையாக்கலானி' என்னும் திட்டத்தை உருவாக்கின. வானுலகத் தூண்டில் என்பது அதன் பொருள். 2011இல் மாணவருக்குச் சிறு மடிக்கணனிகள் வழங்கப்பட்டன. இயங்குதளம் விலையில்லா லினக்ஸ்.

இத்திட்டத்தின் நுட்பம் கணனியில் இல்லை. கடன் கொடுத்த முறையில் உள்ளது. பெற்றோர் கணனியை இலவசமாகப் பெறவில்லை. வாரத்துக்கு மூன்று டொலர் ஐம்பது சதம் வீதம் மூன்றாண்டுக்குச் செலுத்தினர். கூட்டிப்பார்த்தால் 546 டொலர். வங்கியிற் கடன்பெறும் தகுதியற்ற குடும்பங்களுக்காக ஓர் அறக்கட்டளை முன்னின்று மொத்தமாக வாங்கி, பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டது. பிள்ளை தன் பொறியைத் தன்னுடையது என்று சொல்லலாயிற்று.

இதன் பெறுமதியை அறிய, அதே காலத்தில் தென் ஒக்லாந்துத் தெருக்களில் வலம்வந்த பாரவூர்திக் கடைகளை நினைத்துக்கொள்ள வேண்டும். உணவுப்பொருள், உடை, தொலைபேசி, கணனி என யாவற்றையும் வீட்டு வாசலிலேயே தவணைக்குக் கொடுப்பர். விலை கடைத்தெருவின் இருமடங்காகவும் இருக்கும். 2015இல் வர்த்தக ஆணைக்குழு இவ்வகை வணிகரைப் பற்றி ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை என்று கண்டது. எம்மவர் வீடொன்றிலும் அவ்வாறான ஊர்தியிலிருந்து இறங்கிய கணனி ஒன்று, தவணை முடியுமுன்னரே பழுதாயிற்று. தவணைப் பணம் மட்டும் பழுதாகாமல் ஒவ்வொரு வாரமும் வங்கிக் கணக்கிலிருந்து சென்றுகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆறு பக்க ஒப்பந்தத்தை வாசிக்காமற் கையெழுத்திட்டது எங்கள் பிழைதான். ஆனால் வாசித்தறியும் ஆங்கிலத்தைப் பிள்ளை கற்பதற்காகவே அக்கணனியை வாங்கினோம்!

இதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டளவில், வறிய குடும்பங்களின் வீடுகளுக்குப் பழுதுபார்த்த கணனிகளை வழங்கிப் பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்த 'கொம்பியூட்டர்ஸ் இன் ஹோம்ஸ்' என்னும் திட்டம் இந்நாட்டில் தொடங்கியிருந்தது. பிற்காலத்தில் அது அகதிக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. பெற்றோர் முதலிற் பயிற்சி பெற்றபின்னரே கணனி வீட்டுக்குப் போகும் என்ற அதன் விதி, எமது பார்வையில் மிகச் சிறந்தது.

பலன் என்ன?

பொறியைக் கொடுத்தால் பிள்ளை கற்றுவிடுமா என்ற கேள்விக்குப் பெரு நாட்டிலிருந்து கடுமையான விடை வந்தது. அந்நாடு 2008 முதல் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட எக்ஸ்-ஓ கணனிகளை வாங்கியது. 319 பாடசாலைகளை ஆராய்ந்த அறிக்கை 2012இல் வெளியானது. கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் புள்ளிகள் கூடியதற்குச் சான்றில்லை என்று அது கூறிற்று. ஆசிரியருக்குப் போதிய பயிற்சியில்லை. பல ஊர்களில் இணைய வசதியில்லை. உருகுவே நாடோ 2007 முதல் 2009 வரையான குறுகிய காலத்துள் அரச ஆரம்பப் பாடசாலை மாணவர் யாவருக்கும் கணனி கொடுத்து, இணைய இணைப்பையும் திருத்தும் நிலையங்களையும் கூடவே அமைத்தது. தாமக்கியிலும் ஆசிரியர் பயிற்சிக்கே முதலிடம். ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் வூல்ஃப் ஃபிஷர் ஆய்வு நிலையம் அப்பாடசாலைகளைத் தொடர்ந்து கவனித்தது. எழுதுந்திறனில் மாணவர் நன்கு முன்னேறினர் என்றும், வாசிப்பில் அத்தகைய விரைவு காணப்படவில்லை என்றும் அதன் அறிக்கைகள் கூறின. நாம் இதிற் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பிள்ளை எழுத வேண்டும் என்று பொறி தூண்டுகின்றது. வாசிக்க வைப்பது பொறியின் வேலையாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டின் முயற்சி அளவிற் பெரிது. 2011 செப்ரெம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்த தினத்தில், முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணனித் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். ஐந்தாண்டில் 68 இலட்சம் என்பது அறிவிப்பு. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டவை வழங்கப்பட்டன. இவை சிறுகணனிகள் அல்ல, முழு அளவின. முகாம்களில் வாழ்ந்து அரச பாடசாலைகளிற் படித்த எம் பிள்ளைகளுக்கும் அவை கிடைத்தன என்பதை நன்றியுடன் குறிப்பிடுகின்றோம். குடியுரிமை இல்லாத பிள்ளைக்குக் கிடைத்த முதற் சொத்து பலவேளைகளில் அக்கணனியாகவே இருந்திருக்கும். அதே ஆண்டு ஒக்டோபரில் புதுடில்லியில் மிக ஆரவாரத்துடன் அறிமுகமான 'ஆகாஷ்' என்னும் முப்பத்தைந்து டொலர்ப் பலகைக் கணனி, ஆரவாரத்துக்கு ஏற்ற பயனைத் தரவில்லை. இலங்கையிலும் 2009இல் உலக வங்கியின் உதவியுடன் சில ஆரம்பப் பாடசாலைகளுக்கு எக்ஸ்-ஓ கணனிகள் வழங்கப்பட்டன. அவ்வாண்டில் வன்னிப் பிள்ளைகள் எங்கே, எந்தக் கூடாரத்தினுள் இருந்தனர் என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

நெற்புக் கணனிகளின் ஆட்சி நீடிக்கவில்லை. 2010 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் 'ஐபாட்' பலகைக் கணனியை அறிவித்தபோது அவற்றின் இறங்குமுகம் தொடங்கிற்று. 2012இன் முடிவோடு அசூஸ், ஏசர் ஆகியன அவ்வகையைக் கைவிட்டன. எனினும், 2011 நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்த குரோம்புக் கணனிகளில் அக்கருத்து மறுபிறவி எடுத்தது. மலிவான சில்லு, சிறு நினைவகம், எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துக்கொள்ளல் என்பன 2007இன் பாடங்களே. தாமக்கிப் பாடசாலைகளும் பின்னர் குரோம்புக்குக்கு மாறின. இணையம் இல்லாவிடில் அது பாதிக் கணனி என்பதுதான் வேறுபாடு.

அதன் வலியை 2020இல் அறிந்தோம். மார்ச் 25ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர் நாடு முழுவதும் ஊரடங்கிற்று. பாடசாலை ஏப்ரல் 15இல் வீட்டிலிருந்தே தொடங்கியது. கல்வியமைச்சு கணனிகளையும் இணையக் கருவிகளையும் வீடுகளுக்கு அனுப்பிற்று. தொலைக்காட்சியிலும் பாடம் நடத்திற்று. நாமறிந்த ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கணனி. மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு, காலை அவளுக்கு. இளையவர்கள் இருவரும் தந்தையின் கைத்தொலைபேசித் திரையில் மாறி மாறிப் பார்த்தனர். தந்தை பேரங்காடியில் பொருள் அடுக்கும் அத்தியாவசிய ஊழியராதலால், அவர் வேலைக்குப் போகும்போது அத்தொலைபேசியும் போய்விடும். அலுமாரி மேலிருந்த பழைய வெள்ளைச் சிறுகணனியை இறக்கினர். பற்றரி செத்துக் கிடந்தது; சுவரில் மாட்டினால் எழுந்தது. காணொளி வகுப்புக்கு அதற்கு வலுவில்லை. ஆனால் கட்டுரை எழுதலாம். எழுதியதை விரற்தடிச் சேமிப்பியில் ஏற்றி அக்காவின் கணனிக்கு மாற்றலாம். அவ்விதமே இரண்டாவது பிள்ளை அத்தவணைக் கட்டுரைகளை எழுதி முடித்தான்.

இப்பொழுது பழைய கணனிகளுக்கு வேறொரு கண்டம் வந்துள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்தியது. நல்ல நிலையிலுள்ள பல கணனிகள் அடுத்த பதிப்பை ஏற்கமாட்டா. அவை இனி மலிவு விலைக்குச் சந்தையில் வரும். அவற்றில் லினக்ஸை நிறுவிப் பல்லாண்டு பயன்படுத்தலாம். குரோம்புக் கணனி ஒவ்வொன்றுக்கும் திருத்தங்கள் நிற்கும் தேதி ஒன்றுண்டு. 2021 முதல் வெளிவந்த வகைகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து பத்தாண்டு எனக் கூகிள் 2023இல் அறிவித்தது. பழைய குரோம்புக்கை எவரிடமாவது வாங்குமுன், அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அத்தேதியை நேரே பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும், பார்த்தபின்னரே பணத்தைக் கொடுங்கள்.